ஆட்டிப் பார்க்காமல் அனுப்ப மாட்டேன்

காரின் முதுகில் சைக்கிளைக் கட்டி அனுப்பும் தொழிலில் கட்டுவது பாதி வேலைதான்; "போதும் அங்கிள், விடுங்க" என்று வாடிக்கையாளர் கெஞ்சும்போது விடாமல் இருப்பதுதான் மீதி. கடை வாசலில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டே சிரிக்கப் பழகிய சக ஜீவன்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஜார்ஜ்டவுனில் என் அக்கா மகன் குணாவின் சைக்கிள் கடையில், காரின் பின்னால் சைக்கிளைத் தாங்கும் ரேக்கை மாட்டுவது நான். கீழ்க்கால்கள் பம்பரில் உட்கார வேண்டும். மேல் கொக்கிகள் பின் கதவின் இரும்பு விளிம்பைக் கவ்வ வேண்டும். வார்களை இழுத்து இறுக்க வேண்டும். கடைசியாக, சைக்கிளை இரண்டு கையாலும் பிடித்து ஓர் ஆட்டு. சைக்கிள் மட்டும் ஆடினால் எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி ஆரம்பம். காரும் சேர்ந்து ஆடினால் பினாங்குப் பாலத்தைத் தாண்டலாம். ஒருமுறை நான் ஆட்டிய ஆட்டில், கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் நின்ற கார்களெல்லாம் அலாரம் அடித்தன. நம்பாதவர்கள் அங்கே போய் விசாரித்துக்கொள்ளலாம்.

ரம்புத்தான்

புதுக் காரில் ஒரு தம்பி வந்தார். ரேக்கை வீட்டிலேயே மாட்டிவிட்டாராம். சைக்கிளை மட்டும் தூக்கி வைத்தால் போதுமாம். பார்த்தால், மேல் கொக்கி இரண்டும், பின் கதவின் உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பாய்லரில் தொங்குகின்றன.

"தம்பி, இது பிளாஸ்டிக். அழகுக்கு வெச்சது. ஒட்டு மீசையப் பிடிச்சு ஆள இழுக்குற மாதிரி இருக்கு" என்றேன்.

"யூடியூப்ல இப்படித்தான் மாட்டுறாங்க அங்கிள்."

"அந்த யூடியூப்காரனா உங்க பின்னால காடி ஓட்டிக்கிட்டு வரப்போறான்? எவனோ பிள்ளைகுட்டியோட வருவான்."

சொல்லிக்கொண்டே சைக்கிளைத் தூக்கி வைத்து, பிடித்து ஆட்டினேன். ஸ்பாய்லர் முனகியது, அலாரம் அலறியது, எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கொக்கியை மாற்றித் தருகிறேன் என்று கை வைத்தேன். தம்பி என் கையைத் தட்டிவிட்டுக் காரில் ஏறினார். ஏறும்போது சொன்னது: "அங்கிள், சைக்கிள மாட்டச் சொன்னேன், ரம்புத்தான் மரத்த உலுக்கச் சொல்லல லா!"

காவடிக்கு இடமில்லை

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் பாலத்துக்கு அந்தப் பக்கம் பைராம் தோட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். இருப்பதிலேயே பெரிய ரேக் வேண்டும் என்றார். குணா முகமெல்லாம் பல்லாக எடுத்துக் காட்டினான். எத்தனை சைக்கிள் என்று நான் கேட்டேன். சைக்கிள் இல்லை, காவடி என்றார். தண்ணீர்மலைக் கோயில் வரைக்கும் காரின் பின்னால் கட்டிக்கொண்டு போகப்போகிறாராம்.

"அண்ணே, சைக்கிள்னா காத்து ஊடால புகுந்து போயிடும். காவடி அப்படியா? பாலத்துல கடல் காத்து அடிச்சா மயிலிறகு அத்தனையும் கப்பல் பாய் ஆயிடும். போன தடவ ஒருத்தர் இப்படித்தான் கட்டினாரு. காவடி எழும்பிப் பறந்து ஃபெர்ரியில போய் இறங்கிருச்சு. ஃபெர்ரியில இருந்தவங்க கன்னத்துல போட்டுக்கிட்டாங்க."

"முருகன் பாத்துக்குவாரு, நீங்க கட்டுங்க."

"முருகனே மயில் மேல உக்காந்துதான் போறாரு அண்ணே. மயில வண்டிக்குப் பின்னால கட்டி இழுத்துக்கிட்டுப் போகல."

அவர் கும்பிட்டுவிட்டு, மச்சானின் லாரியைக் கேட்கிறேன் என்று கிளம்பிவிட்டார். குணா ரேக்கைத் திரும்ப ஆணியில் மாட்டினான். என் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "மாமா, இன்னொரு ஆளு இப்படித் திரும்பிப் போனா, நீங்க வீட்டுல உக்காந்து சீரியல் பாருங்க."

ஒன்றும் ஆகவில்லை

வீட்டில் சீரியல் என்றால் என்னவென்று உங்களில் ஓய்வுபெற்றவர்களுக்குத் தெரியும். ஒரே கல்யாணம் ஒன்றரை மாதம் நடக்கும். அதற்கு அந்த ரேக்கிலேயே என்னைக் கட்டித் தொங்கவிடலாம். ஆனாலும் அடுத்த நாள் வந்த காரையும் ஆட்டினேன். அதற்கடுத்ததையும். குணா கல்லாவிலிருந்து இருமினான். அவனுக்குச் சளி என்று வாடிக்கையாளரிடம் சொன்னேன்.

இப்போது நீங்கள் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. ரம்புத்தான் தம்பி ஸ்பாய்லர் பிய்ந்து, அழுதுகொண்டே திரும்பி வந்திருக்க வேண்டும். இல்லை. கெப்பாலா பத்தாஸ் வரைக்கும் போய், வயல்வெளியெல்லாம் சைக்கிள் ஓட்டிவிட்டு, அதே கொக்கியோடு, அதே பிளாஸ்டிக்கோடு, கடை முன்னால் காரை மெதுவாக்கி ஹார்ன் அடித்தார். அதற்காக நான் கையைக் கட்டிக்கொள்வேனா? "இன்னும் பிய்யல, அவ்வளவுதான்!" என்று கத்தினேன். அவர் கண்ணாடியை இறக்கிச் சிரித்தார்: "ஒண்ணும் ஆகல அங்கிள், நீங்கதான் சும்மா பயந்து சாகுறீங்க!"

சந்தனம்

அந்த வாரக் கடைசியில் தாசேக் கெலுகோரிலிருந்து சரோஜா அக்கா வந்தார், கணவரோடு. ரேக் எங்களிடம் வாங்கியதுதான். வீட்டில் பூஜை போட்டு, அவர்களே காரில் மாட்டி, சைக்கிளைக் கட்டித் தரச் சொல்லி வந்திருந்தார்கள். பூஜை என்றால் குறை வைக்காத பூஜை. வார் ஒவ்வொன்றுக்கும் எண்ணெயில் குழைத்த சந்தனம்; பக்கிளுக்கெல்லாம் குங்குமம்; பம்பரில் பதிகிற ரப்பர் கால்களுக்கும் விடாமல் பொட்டு. வாரை இழுத்தேன். வெண்ணெயில் போட்ட விலாங்கு மாதிரி வழுக்கியது.

சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து துடைக்க ஆரம்பித்தேன்.

"ஐயோ, சாமிக்கு வெச்சதத் துடைக்கிறாரே! ஏங்க, காடிய எடுங்க, போகலாம்!"

கல்லாவில் குணா எழுந்து நின்றுவிட்டான். இருமவில்லை. அந்தக் கணவர் சாவியைக் கையில் எடுத்தது, சீரியலின் முதல் பாட்டு போல என் காதில் கேட்டது. துணியைக் கீழே போட்டிருக்கலாம். போடவில்லை. பக்கிளில் மிச்சமிருந்த சந்தனத்தை விரலால் வழித்து என் நெற்றியில் இழுத்துக்கொண்டேன்.

"அக்கா, பொட்டு இங்க இருக்கட்டும். வழுக்கினா எனக்கு ஒண்ணும் ஆகாது. சைக்கிள் வழுக்கினா பின்னால வர்றவன் மண்டையில விழும்."

அக்கா என் நெற்றியைப் பார்த்தார். துடைத்த வாரை இழுத்துப் பார்த்தார். துடைக்காத வாரையும் இழுத்துப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த துணியைப் பிடுங்கி மீதியை அவரே துடைத்தார். நான் மாட்டி முடித்ததும், "நகருங்க, நான் ஆட்டுறேன்" என்றார்.

ஆட்டினார். கார் ஆடியது. வேடிக்கை பார்க்க வந்த குணா காரின் மேல் வைத்திருந்த கோப்பிக் கோப்பை ஆடிக் கவிழ்ந்தது. கடை ஆடியது, மாடியில் புறா பறந்தது, ஊரிலேயே உயரமான கொம்தார் கட்டடமே கொஞ்சம் சாய்ந்ததாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ரேக் மட்டும் அசையவில்லை. "எங்க ஊருல சைக்கிள் ஓட்டுற பொம்பளைங்க எல்லாரையும் இங்கதான் அனுப்புவேன். ஆட்டுறவரு இருக்கணும்!" என்று குணாவிடம் விரலை நீட்டிச் சொல்லிவிட்டு ஏறினார்.

குணா கோப்பியைத் துடைத்தபடியே சொன்னான்: "நீங்களே ஆட்டுங்க மாமா, ஆனா அந்த அக்காவ மட்டும் இனிமே ஆட்ட விடாதீங்க, கடை தாங்காது லா."

ஆகவே, சக ஜீவன்களே, சீரியலில் அந்தக் கல்யாணம் முடிந்ததா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு இங்கே ஆட்ட வேண்டிய கார் நிற்கிறது.