மலைக்கிளிக்கு மறுத்த சோறு

வீட்டில் எனக்கு 'டூர் மேனேஜர்' என்று பெயர். வைத்தவர் என் கணவர். பாராட்டி வைத்ததல்ல. எந்தப் பயணமானாலும் எத்தனை மணிக்குப் புறப்படுவது, எங்கே தேநீர் குடிப்பது, எந்த மலை முன்னால் யார் எந்தப் பக்கம் நின்று படம் எடுப்பது எல்லாம் நான்தான் முடிவு செய்வேன். குறுக்கே யாராவது ஒரு வார்த்தை சொன்னால் என் முகம் கறுத்துவிடும். எனக்கே தெரியும். என் ஏற்பாட்டில் போன பயணங்கள் எல்லாம் நன்றாகவே நடந்தபடியால் திருந்த வேண்டிய தேவை வரவில்லை.

அம்மா இறந்து ஒரு வருஷம் ஆவதற்குள் அப்பாவை யாழ்ப்பாணத்திலிருந்து ஆக்லாந்தில், பாபகூராவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அதற்குக் காரணம் இருந்தது. அம்மாவின் செத்தவீட்டுக்குப் போன நான், எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த கையோடு திரும்பிவிட்டேன். முப்பத்தோராம் நாள் அப்பா கீரிமலையில் அந்தியேட்டிச் சடங்கு செய்துகொண்டிருந்தபோது நான் மங்கரேயில், விமானச் சரக்கு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். லீவு கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அந்தக் குறையை அப்பாவுக்கு மலை காட்டித் தீர்த்துவிடலாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. கீரிமலைக்கும் பெயரில் மட்டும்தான் மலை.

ஆட்டைத் திவசத்தை, அதாவது முதல் வருஷத் திவசத்தை, நான் மறக்கவில்லை. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லாததால் அதைச் செய்ய வேண்டியவர் அப்பாதான். அம்மா இறந்த தேதி என் போனில் இருந்தது. அந்த நாளுக்கு லீவு போட்டேன். தென் தீவுப் பயணத்தை அதற்கு முந்திய கிழமையில் வைத்து, விமானம், கார், மோட்டல் எல்லாம் பதிவு செய்து, எவ்வளவு கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன். திவசம் ஆங்கிலத் தேதிக்கு வருவதில்லை, திதிக்கு வருவது, பிறையோடு சேர்ந்து வருஷாவருஷம் முன்னும் பின்னும் நகர்வது என்பது சின்ன வயதில் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். இத்தனை வருஷ ஆக்லாந்து வாழ்க்கையில் அது கழன்று விழுந்துவிட்டது. அம்மாவின் திதி எங்கள் பயணத்தின் இரண்டாம் நாளில் வந்தது. அப்பாவுக்கு அது தெரியும். எனக்குத் தெரியாது.

அப்பா நாள், நேரம் என்றால் நெகிழ்ந்து கொடுக்காதவர். என் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டாரின் வேன் வழியில் நின்றுவிட்டது. முகூர்த்தத்தை அரை மணி தள்ளலாம் என்று ஐயரே சொன்னார். அப்பா கேட்கவில்லை. பட்டு வேட்டியோடு இருந்த மாப்பிள்ளையை யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக் கொண்டுவந்து மணவறையில் இருத்தினார். மதுரைக்காரரான என் கணவர் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லித்தான் மாமனாரைக் கேலி செய்வார். அப்படிப்பட்ட மனிதர், நான் பயணத் தேதியைச் சொன்னபோது "நல்லது பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

முதல் நாள் கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கியதும் கேட்டார்.

"இஞ்ச எங்கையும் வாழைக்காய் வாங்கலாமோ?"

"அப்பா, நாங்கள் மலை பாக்க வந்தனாங்கள். வாழைக்காய் பாக்க இல்லை," என்றேன். கணவர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். திவசப் படையலுக்கு வாழைக்காய் வேண்டும் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

மறுநாள் நான் எழுந்தபோது அப்பா தலைமுழுகிவிட்டு, மோட்டலின் சின்ன அடுப்பில் சோறும் பருப்பும் வைத்து, ஒரு மரக்கறியும் காய்ச்சி முடித்திருந்தார். அம்மா இருந்தவரை அடுப்படிப் பக்கம் போகாதவர். வெள்ளைக்காரச் சாப்பாடு பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். "இதெல்லாம் எதுக்கு, வழியில வாங்கலாம்தானே," என்று முணுமுணுத்தேன். அவர் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

சமவெளி முடிந்து மலை தொடங்கியது. மரமே இல்லாத, காய்ந்த புல் மூடிய மலைகள். அவற்றின் நடுவே ஓரிடத்தில் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள் கூட்டம் கூட்டமாக நின்றன. அங்கே இறங்கி நடந்தோம். இந்த இடம் இந்தப் பகுதி மாவோரி மக்களுக்குப் புனிதமானது என்று பலகையில் எழுதியிருந்ததை அப்பாவுக்கு வாசித்துச் சொன்னேன். அவர் உடனே குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

"அப்பா, குளிருது. காய்ச்சல் வந்தால் பயணம் குழம்பிப்போகும். போடுங்கோ."

"கோயில் எண்டு நீதானே வாசிச்சனீ," என்றார்.

வெறுங்காலோடு ஈரப் புல்லில் நடந்து, ஒரு பெரிய பாறையின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எனக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. அதையும் சொன்னேன்.

பிறகு ஆறு பல கிளையாகப் பிரிந்து ஓடும் அகலமான கல் படுகை, இருண்ட காடு, உச்சியில் கொஞ்சம் பனி. ஆதர்ஸ் பாஸ் என்ற கணவாயைத் தாண்டி, ஆழமான பள்ளத்தாக்கின் மேல் கட்டிய பாலம் தெரியும் ஒரு மேட்டில் கார் நின்றது. அங்கேதான் கீயாக்கள் இருக்கும். கீயா என்பது இந்த மலைகளில் மட்டும் வாழும் கிளி. கோழியளவு இருக்கும். பாசிப்பச்சை நிறம், பறந்தால் இறகின் அடியில் செம்மஞ்சள். காரின் வைப்பர் ரப்பரைப் பிய்த்துவிடும், பையின் ஜிப்பைத் திறந்துவிடும். அப்பாவுக்குக் காட்ட வேண்டியவற்றில் இதுதான் முக்கியம் என்று நான் நினைத்திருந்தேன். நான் போனை எடுத்துக்கொண்டு பாலத்தைப் படம் பிடிக்கப் போனேன்.

"கா... கா... கா..." என்று பின்னால் குரல் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். அப்பா கல் சுவரின் மேல் ஒரு காகிதத் தட்டை வைத்து, அதில் சோறும் பருப்பும் கறியும் பரிமாறிவிட்டுக் கைகூப்பி நின்றார். தட்டுக்கு ஒரு முழம் தள்ளி ஒரு கீயா. தலையைச் சாய்த்து அப்பாவைப் பார்த்தது, பிறகு சோற்றைப் பார்த்தது. சுவரின் இந்தப் பக்கம் உணவு கொடுக்க வேண்டாம் என்ற பலகை. அதற்குப் பக்கத்தில் நின்ற ஒரு சோடி, அப்பாவையும் பிறகு என்னையும் பார்த்துத் தலையை ஆட்டியது.

எனக்கு மானம் போயிற்று. ஓடிப்போய்க் கைப்பையை வீசிக் கிளியை விரட்டினேன்.

"அப்பா, உங்களுக்கு அறிவு இருக்கோ? இதுக்குச் சாப்பாடு குடுக்கக்கூடாது. சனத்தின்ர சாப்பாட்டுக்குப் பழகி றோட்டுக்கு வந்து கார் அடிச்சுச் சாகுதுகள். பலகையில எழுதிக் கிடக்கு."

கிளி இரண்டு துள்ளில் மறுபடியும் கிட்டே வந்தது.

"ஒரு வாய் பிள்ளை," என்றார் அப்பா. "ஒரு வாய் மட்டும் கொத்தட்டும்."

"அரை வாயும் இல்லை."

தட்டைப் பிடுங்கினேன். சுவரில் சிந்திய பருக்கைகளைக்கூட விடாமல் வழித்தெடுத்து எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கொட்டி முடிச்சுப் போட்டேன். தலையை ஆட்டிய சோடியைப் பார்த்து மன்னிப்புக் கேட்கும் பாவனையில் சிரித்தேன். அப்பா கைகூப்பியபடியே நின்றிருந்தார். கூப்பிய கையை எப்போது இறக்கினார் என்று நான் பார்க்கவில்லை.

நான் சொன்னது சரி. அந்தப் பறவைக்குச் சோறு கூடாது, இன்றைக்கும் கொடுக்க விடமாட்டேன். ஆனால் ஏன் வைத்தீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். காகம் என்று நினைத்தீர்களா அப்பா என்று கேட்டிருந்தால்கூடப் போதும், மிச்சத்தை அவரே சொல்லியிருப்பார்.

மலை இறங்கும்போது தெருவுக்கு மேலே தொட்டி கட்டி ஒரு அருவியைக் கடத்தியிருந்தார்கள். அது எங்கள் தலைக்கு மேலால் ஓடி மறுபக்கம் விழுந்தது. நான் விளக்கம் சொன்னேன். அப்பா நல்லபிள்ளையாகத் தலையாட்டினார். மேற்குக் கரையில் முதல் ஊர் வந்ததும் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, அந்தப் பையைக் குப்பைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, மரக்கறி பேஸ்ட்ரி மூன்று வாங்கி வந்தேன். அப்பா வேண்டாம் என்றார். எனக்கு மறுபடியும் முகம் கறுத்தது.

"விடிய இருந்து ஒண்டும் சாப்பிடேல்லை. கோவமோ?"

"இல்லைப் பிள்ளை. பசி இல்லை."

என் கணவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தார்.

"மாமா, காலையிலேர்ந்து தண்ணி மட்டும்தான் குடிக்கிறீங்க. இன்னிக்கு அத்தைக்குத் திதியா?"



"ஓம் தம்பி," என்றார்.

படைத்த சோற்றைக் காகம் எடுத்த பிறகுதான் திவசம் செய்தவர் சாப்பிடுவார். காகம் எடுத்தால் போனவர் வந்து சாப்பிட்டதாக அர்த்தம். ஆக்லாந்தில் காகம் இல்லாததால் நாங்கள் மைனாவுக்கு வைப்போம். அப்பா அந்த மலையில் கிடைத்த பறவைக்கு வைத்திருக்கிறார். நான் காரை விட்டு இறங்கிக் குப்பைத் தொட்டிக்குப் போனேன். அதற்குள் யாரோ காப்பிக் கோப்பைகளை மேலே போட்டிருந்தார்கள். ஊற்றிய காப்பிக்குக் கீழே பையின் முடிச்சு தெரிந்தது. கையை விட்டேன். எடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றேன். என் அம்மாவின் சோற்றை நானே கொண்டுவந்து போட்ட இடம் அது.

கணவர் வந்து தோளைப் பிடித்துக் காருக்குக் கூட்டிப்போனார். நான் அழுதுகொண்டே அப்பாவைக் கேட்டேன்.

"ஏனப்பா எனக்கு முதலே சொல்லேல்லை?"

"சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். நீ எல்லாம் ஒழுங்குபடுத்திப்போட்டாய். உன்ர முகத்தைப் பாக்கப் பயமாக் கிடந்தது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிறு வயதில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தவள் நான்.

"ஊருக்குள்ள போவம். அரிசி வாங்கிக் காய்ச்சுறன். கடற்கரையில கடற்புள்ளுகள் நிக்கும்," என்றேன்.

"நேரம் போட்டுது. பரவாயில்லை. அந்தக் கிளியும் பாவம்தானே, காரில அடிபட்டால்." நான் வாங்கி வைத்திருந்த பேஸ்ட்ரி ஒன்றை எடுத்துப் பிட்டு வாயில் போட்டார். "இந்தா, நான் சாப்பிடுறன். நீ அழாத."

எந்தப் பறவையும் எடுக்காத திவசத்தில், என் அழுகையை நிறுத்துவதற்காக அவர் சாப்பிட்டார். முழுவதும் சாப்பிட்டார். பிறகு நாங்கள் பச்சைக் கல்லில் மாவோரிகள் செதுக்கும் பதக்கங்களைப் பார்த்தோம், பனியாறு பார்த்தோம், ஏரி பார்த்தோம். எல்லா இடத்திலும் நான் சொன்ன பக்கம் நின்று அப்பா படத்துக்குச் சிரித்திருக்கிறார். அந்தப் படங்களை நான் யாருக்கும் அனுப்பவில்லை.

வீட்டுக்கு வந்த அடுத்த கிழமை, நான் லீவு போட்டிருந்த தேதியில், வாழைக்காய் வாங்கிச் சமைத்துப் பின்வளவுப் புல்லில் வைத்தேன். நான் நிமிர்வதற்குள் மைனாக்கள் வந்து தின்றன. "சாப்பிட்டுது," என்றார் அப்பா. எனக்காகச் சொன்னார். அது திவசமே இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

இந்த வருஷம் நானே முந்திக்கொண்டேன். பல மாதம் முன்னதாகவே, ஊர் திரும்பிவிட்ட அப்பாவுக்கு யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்து, "அப்பா, அம்மாவின்ர திவசம் இந்த முறை எப்ப வருது? நான் வாறன்," என்றேன்.

முகூர்த்தத்தை அரை மணி தள்ள விடாத மனிதர் அந்தப் பக்கத்தில் கொஞ்சம் யோசித்தார்.

"உனக்கு எப்ப லீவு கிடைக்கும் எண்டு பாத்துச் சொல்லு பிள்ளை," என்றார். "அண்டைக்கே வைப்பம்."