மூடலாம் என்று அவர் சொல்லும்வரை

சாப்பிட்டு முடித்து எல்லாரும் கை கழுவப் போனதும் அக்கா கரண்டிகளை எண்ணுகிறார். பிறகு வாசலில் செருப்புகள், கொடியில் துணிக் கவ்விகள், வெளியே கிளம்புமுன் சாத்திய ஜன்னல்கள். உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் ஆள்காட்டி விரலை உயர்த்துவார். அந்த விரல் இறங்கும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்று பொருள். வீட்டில் அதை யாரும் சட்டை செய்வதில்லை. விரல் மேலே நிற்கும்போதே கணவர் தன் மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்பார். இத்தனைக்கும் அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

மருத்துவமனையில் கதையே வேறு. இருபத்திரண்டு வருடமாக அக்கா ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வயிற்றைத் திறக்குமுன் கத்தரி, கவ்வி, ஊசி, ரத்தம் ஒற்றும் துணி எல்லாவற்றையும் எண்ணி வைப்பதும், தையல் போடுமுன் மறுபடி எண்ணி ஒத்துப் பார்ப்பதும் அவர் வேலை. அதற்கு அங்கே ‘கவுண்ட்’ என்று பெயர். அதனால் இவர் கவுண்ட் அக்கா. “கவுண்ட் சரி, மூடலாம்” என்று இவர் சொல்லாமல் எப்பேர்ப்பட்ட சர்ஜனும் தையல் ஊசியைத் தொட மாட்டார். மூக்குக்கு மேல் கோபம் வரும் பெரிய டாக்டர் ஒருவர், “எனக்கு நேரமாச்சு சிஸ்டர்!” என்று ஒரு நாள் கத்தினார். “எனக்கும்தான் சார். ஒரு துணி குறையுது” என்றார் அக்கா. அந்தத் துணி டாக்டரின் காலடியிலேயே கிடந்தது. அன்றிலிருந்து பெரிய டாக்டர் பெட்டிப் பாம்பு.

அவசர அறுவைக்கு அழைப்பு வந்தால் இருபது நிமிடத்தில் தியேட்டரில் நிற்க வேண்டும். அதற்காகத்தான் அந்தச் சின்ன நீல நிறக் கார். வயது பதினான்கு. முன் மூடியைத் தாங்கும் கம்பி எப்போதோ முறிந்துபோய், இப்போது ஒரு துடைப்பக் கழிதான் முட்டுக் கொடுக்கிறது. மூன்று வாரமாக அதன் இஞ்சினில் எண்ணெய் கசிந்தது. கசிந்த எண்ணெய் சூடான புகைக்குழாயில் சொட்டி, மூடியின் இடுக்கெல்லாம் புகை. போன வாரம் அழைப்பு வந்து போகும்போது, தீப்பிடித்துவிடுமோ என்று பயந்து நடுவழியில் வண்டியை ஓரங்கட்டி, டாக்சி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது நாற்பது நிமிடம். இவர் இடத்தில் வேறொருத்தி கையுறை மாட்டி நின்றாள். மேட்ரன் அம்மா குரலை உயர்த்தாமல் சொன்னார்: “இன்னொரு தடவை லேட்டானா உன் பேரை எமர்ஜென்சி லிஸ்ட்லருந்து எடுத்துடுவேன். வெளிநோயாளிப் பிரிவுல சீட்டு எழுத ஆள் வேணுமாம்.”

அன்றைக்கு அக்கா கரண்டிகளை எண்ணவில்லை. அதைப் பார்த்துத்தான் கணவர் தன் தம்பிக்குப் போன் போட்டார்.

கணவரின் தம்பி லிஃப்ட் மெக்கானிக். மேலே போவது, கீழே வருவது எதுவானாலும் தனக்கு அத்துப்படி என்பவர். முன் மூடியைத் தூக்கிப் பார்த்த வேகத்திலேயே, “அண்ணி, இஞ்சின் செத்துப் போச்சு. எடைக்குப் போட்டுடலாம்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பட்டறைக்காரர் அப்படிச் சொல்லவில்லை. இஞ்சினின் தலையை மூடியிருக்கும் வால்வு கவருக்கும் இஞ்சினுக்கும் நடுவே எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஒரு ரப்பர் வளையம், கேஸ்கெட், இருக்கிறது, அதுதான் போய்விட்டது என்றார். சின்ன வேலைதான், ஆனால் வரிசையில் வண்டிகள் நிற்கின்றன, பத்து நாள் ஆகும். அக்காவுக்கோ ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு அழைப்புப் பணி தொடங்குகிறது.

“தொறக்கணும், பழசை எடுக்கணும், சுத்தம் பண்ணணும், புதுசை வெச்சு மூடணும். அவ்வளவுதானே?” என்று கேட்டார் அக்கா.

“அவ்வளவுதாம்மா.”

“இதைத்தானே நான் இருபத்திரண்டு வருஷமா பண்ணிட்டிருக்கேன்?” என்று சொல்லிவிட்டுப் புது கேஸ்கெட்டை மட்டும் வாங்கி வந்தார்.

ஞாயிறு காலை. கார் கொட்டகையில் மடக்கு மேசை, அதன்மேல் துவைத்த வெள்ளைத் துணி, துணிமேல் தட்டு, தட்டில் கருவிகள் அணிவகுப்பு. அக்கா தலைமுடியைத் தொப்பிக்குள் ஒதுக்கிக் கையுறை மாட்டினார். தம்பி ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து நேர்முக வர்ணனையை ஆரம்பித்தார்.

“பேஷன்ட்டுக்கு மயக்க மருந்து குடுத்தாச்சா அண்ணி?”

“பேட்டரி ஒயரைக் கழட்டியாச்சு. நல்ல மயக்கத்துலதான் இருக்கு.”

எட்டு போல்ட். ஓர் அட்டையில் வால்வு கவரின் வடிவத்தை வரைந்து, எந்தப் போல்ட் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வைத்தார். கவர் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. துணி சுற்றிய மரக்கட்டையால் மெல்லத் தட்டத் தட்ட, பெருமூச்சு விட்டதுபோல் பிரிந்து வந்தது. உள்ளே எண்ணெய் மினுமினுக்க உருளைகளும் வில்லைகளும் வரிசை கட்டி நின்றன. பதினான்கு வருடத்தில் முதல் முறையாகத் தன் வண்டியின் உள்ளே பார்த்த அக்கா, “உள்ளே இவ்வளவு அழகா இருக்கியாடி?” என்று அதனிடமே கேட்டார்.

பழைய கேஸ்கெட் ஒரு காலத்தில் ரப்பராக இருந்தது. வருடக்கணக்காக வெந்ததில் கண்ணாடி வளையல்போல் ஆகித் தொட்ட இடமெல்லாம் உடைந்தது. பத்தொன்பது துண்டு. ஒன்றையும் அவர் தூக்கிப் போடவில்லை. புது கேஸ்கெட்டை மேசையில் பரப்பி, அதன்மேல் ஒவ்வொரு துண்டாகப் பொருத்திக்கொண்டே வந்தார். வளையம் சேர்ந்துவிட்டது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. நகக்கண் அளவு இடைவெளி.

“ஒரு துண்டு குறையுது” என்றார் அக்கா.

தம்பி சிரித்தார். “போனா போவுது அண்ணி! நான் பிரிச்சு மாட்டின மெஷின்ல ஒண்ணு ரெண்டு மிஞ்சாம இருந்ததே இல்ல. மிஞ்சினாத்தான் அவன் மெக்கானிக்.”

“நீங்க பார்த்த லிஃப்ட்ல நான் ஏறாம மாடிப்படியில போறேனே, அது இதுக்குத்தான் தம்பி.”

தரையைக் கூட்டிச் சலித்தார்கள். துணியை உதறினார்கள். அண்ணனும் தம்பியும் குதிரைக்கு லாடம் பார்ப்பதுபோல் ஒவ்வொரு காலாகத் தூக்கிச் செருப்பின் அடியைக் காட்டினார்கள். கிடைக்கவில்லை. மணி இரண்டானது.

“ஆறு மணிக்கு உனக்கு ட்யூட்டிம்மா. புதுசு முழுசாத்தானே இருக்கு, வெச்சு மூடிடேன்” என்றார் கணவர்.

“புதுசைப் பத்தி எனக்குக் கவலை இல்லீங்க. பழசு எங்கேன்னு தெரியணும். வெளிய இல்லன்னா உள்ள இருக்கு. உள்ள ஒண்ணை விட்டுட்டு நான் மூடினதில்ல.”

“அட, வண்டிதானே? மனுஷனா?”

விரல் உயர்ந்தது.

அக்காவுக்குப் பயம் இல்லாமல் இல்லை. துண்டு அகப்படாவிட்டால் வண்டி இப்படியே திறந்து கிடக்கும். ஆறு மணிக்குமேல் எந்த நிமிடமும் அழைப்பு வரலாம், நாளைக் காலை சீட்டு எழுத உட்கார வேண்டியதுதான். ஆனாலும் அவசரப்படவில்லை. டார்ச் ஒளியில் இஞ்சினின் தலையை விரற்கடை விரற்கடையாகப் பார்த்துக்கொண்டே போனார். அந்த முகத்தைப் பார்த்த கணவர் உள்ளே போய்த் தன் கடைப்பெட்டியிலிருந்த, முகம் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்து வந்து, கண்ணுக்கு எட்டாத மூலையில் சாய்த்துப் பிடித்தார்.

எண்ணெய் கீழே இறங்கும் துளையின் விளிம்பில், கறுப்பின்மேல் கறுப்பாக அந்தத் துண்டு, இதோ விழுகிறேன் என்று தொற்றிக்கொண்டிருந்தது.

“அப்படியே பிடிங்க. ஆடாதீங்க.”

மருத்துவமனை கழித்துவிட்ட பழைய இடுக்கி, ஃபோர்செப்ஸ், ஒன்று வீட்டில் உண்டு. பாவாடைக்கு நாடா கோப்பதுதான் அதன் ஓய்வுகால உத்தியோகம். அது இப்போது மறுபடியும் பணிக்கு வந்தது. உள்ளே போனது, ‘க்ளிக்’ என்று கவ்வியது, வெளியே வந்தது. அக்கா துண்டை எடுத்துப்போய் இடைவெளியில் வைத்தார். அச்சாகப் பொருந்தியது.

“இருபது” என்றார் வாய்விட்டு.

தம்பி வாளியை விட்டு எழுந்து வந்து பார்த்தார். “உள்ள விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும் அண்ணி?”

“எண்ணெயை உறிஞ்சுற இடத்துல போய் அடைச்சிருந்தா, இஞ்சின் செத்துப் போச்சுன்னு அன்னைக்கு நீங்க சொன்னீங்களே, அது பலிச்சிருக்கும்.”

அதற்கப்புறம் வர்ணனை இல்லை. கேட்டதைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தார் தம்பி. பழைய பிசினைச் சுரண்டி, துடைத்து, மூலைகளில் பொட்டு வைத்த மாதிரி துளித் துளி பசை தடவி, புது கேஸ்கெட்டைக் கவரின் பள்ளத்தில் அழுத்தி வைத்தார் அக்கா. போல்ட்களை நடுவிலிருந்து ஓரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். “நான் வேணா இன்னும் நல்லா இறுக்கட்டுமா?” என்ற தம்பியிடம், “இழுத்துக் கட்டின தையல் பிச்சுக்கும்” என்றார்.

பசை காய ஒரு மணி நேரம் விட்டு, பேட்டரி ஒயரை மாட்டிச் சாவியைத் திருப்பினார். வண்டி கனைத்துக்கொண்டு எழுந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், கால் மணி. புகை இல்லை. தீய்ந்த வாடை இல்லை. அக்கா ஒரு வெள்ளைக் காகிதக் கைக்குட்டையைக் கேஸ்கெட்டின் விளிம்பு முழுக்க ஓட்டி எடுத்து, அண்ணன் தம்பி இருவர் முகத்துக்கும் நேராக விரித்துக் காட்டினார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் கண் கலங்கியது. துடைக்கக் கை சுத்தமாக இல்லாததால் தோளில் தேய்த்துக்கொண்டார்.

மணி நாலே முக்கால். வண்டியை அணைத்தாயிற்று. கணவர் துடைப்பக் கழியை எடுக்க, முன் மூடியைத் தம்பி ஒரு கையால் தாங்கிப் பிடித்தார். கையை விட்டால் மூடி விழுந்து சாத்திக்கொள்ளும். அவர் விடவில்லை. திரும்பி, “மூடலாமா அண்ணி?” என்று கேட்டார்.

அக்கா விரலை உயர்த்தினார். தட்டின் பக்கம் திரும்பி, ஏற்கெனவே ஒரு முறை எண்ணி முடித்த கருவிகளை முதலிலிருந்து, நிதானமாக, மறுபடி எண்ணத் தொடங்கினார். தம்பி மறு கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறக்கவில்லை.