கம்மியும் ஜாஸ்தியும்

எழுபதுகளின் கடைசியில் அடி அண்ணாமலையில் ஒரு தொடக்கப் பள்ளியில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. அது இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமானால் கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். இல்லையென்றால் செங்கத்து மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். எனக்கு அந்த மாப்பிள்ளையும் வேண்டாம், வேறு மாப்பிள்ளையும் வேண்டாம். வேலை வேண்டும்.

ஒன்றாம் வகுப்புக்குக் கணக்கைக் கரும்பலகையில் தொடங்குவது என் வழக்கமில்லை. புளியங்கொட்டையைத் தரையில் இரண்டு குவியலாகக் கொட்டி, "எதுல ஜாஸ்தி, எதுல கம்மி?" என்று கேட்பேன். பிள்ளைகள் இந்தக் குவியலில் ஒன்று, அந்தக் குவியலில் ஒன்று என்று ஜோடி சேர்த்து நகர்த்துவார்கள். ஜோடி இல்லாமல் மிஞ்சுகிற கொட்டையைத் தூக்கிக் காட்டி விடையைச் சொல்லிவிடுவார்கள்.

ஒரு நாள் பள்ளி ஆய்வாளர் வந்தார். என் வேலையை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்ய வேண்டியவர் அவர்தான். குவியல்களைக் குடையால் காட்டி, "இவற்றுள் எது மிகுதி?" என்றார். பிள்ளைகள் அவர் வாயையே பார்த்தார்கள்.

"சரியான மக்குகள்" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"எதுல ஜாஸ்தி, கண்ணுங்களா?" என்றேன்.

"இதுல டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது.

அவர் முகம் சிவந்துவிட்டது. "ஜாஸ்தி, கம்மி எல்லாம் தமிழா? நவாபு காலத்துக் குப்பை. வகுப்புல இனிமே இதைப் பேச மாட்டேன்னு எழுதிக் குடும்மா. இந்த ஜில்லாவிலேயே இப்படி ஒரு டீச்சரை நான் பார்த்ததில்லை."

"ஜில்லாவும் அந்தக் காலத்துல வந்ததுதாங்க சார். அதையும் குப்பையில போட்டுடலாமா?"

எழுதிக் கொடுக்கவில்லை.

இன்றைக்கும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. வெளியிலிருந்து வந்த சொல் தாலுகா ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அதற்கு மரியாதை. அதே வழியில் வந்த இன்னொரு சொல் கழனியிலும் அடுப்படியிலும் புழங்கினால் மட்டும் குப்பையா? எங்கள் ஊரில் மழை ஜாஸ்தியாகவோ கம்மியாகவோதான் பெய்திருக்கிறது. அந்தச் சொற்களோடுதான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வந்தார்கள். வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வா என்று சொல்ல நான் யார்? அவர்தான் யார்?

"எழுதிக் குடுத்துட்டு வர்றதுக்கு இன்னா? ஒரு வார்த்தைக்காவா வேலையக் கெடுத்துக்குவே?" என்றார் அப்பா.

"ஆமாப்பா, ஒரு வார்த்தைக்காகத்தான்" என்றேன்.

அதற்காக 'மிகுதி'யைச் சொல்லிக் கொடுக்காமல் விட நான் என்ன முட்டாளா? அதுவும் எங்கள் சொல்தான். மறுநாளே அதே புளியங்கொட்டைகளை வைத்துச் சொல்லிக் கொடுத்தேன்.

அடுத்த முறை ஆய்வாளர் வந்தபோது, முன் வரிசையில் இருந்த ஒரு சிறுமியை எழுப்பினார். "மிகுதி என்றால் என்ன?"

அவள் கையைக் கட்டிக்கொண்டு பளிச்சென்று சொன்னாள்: "மிகுதின்னா ஜாஸ்திங்க சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்து, "சரியாச் சொன்னே, உக்காரு" என்றேன்.

அந்த வருடமும் சிபாரிசு போகவில்லை, வேலை நிரந்தரமாகவில்லை. செங்கத்து மாப்பிள்ளைக்கும் நான் கழுத்தை நீட்டவில்லை.