பைபாஸில் காட்டிய இருபது

என் இடது முழங்காலுக்கு கிளட்ச் ஒத்துவராது. அதனால் இருபது வருட நண்பன் சேகரின் சின்ன ஆட்டோமேட்டிக் காரை வாங்கினேன். வாங்கும் முன் அவன் பைபாஸில் ஓட்டிக் காட்டியபோது, திரையில் மைலேஜ் இருபது என்று மின்னியது. டேங்கை நிரப்பி, தேரடித் தெரு நெரிசலில் நாள்கணக்கில் ஓட்டிப் பார்த்தேன். பதினொன்றுதான்.

“ஏன்டா சொல்லல?”

“நீ கேக்கலியே மச்சான்! பைபாஸ் ஏறனதும் மைலேஜ் மீட்டர ஜீரோ பண்ணி, டவுன்ல ஓடுன கணக்க அழிச்சேனே, பாக்கலியா?”

அவன் சிரிப்பு, உச்சிவெயிலில் கிரிவலப் பாதையை வெறுங்காலால் மிதித்ததுபோல் சுட்டது. அன்றோடு அவனிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

போன மாதம் காரை விற்க முடிவு செய்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு டீச்சர் பார்க்க வந்தார். “தெனமும் டவுனுக்குள்ளதாங்க ஓட்டுவேன்” என்றார்.

“பைபாஸ்ல ஒரு ரவுண்டு போலாங்க” என்றேன். ஏறியதும் என் விரல் தானாகவே மீட்டரை ஜீரோவாக்கியது.

“இருபதா! போதுங்க” என்று அவர் மலர்ந்தார். நானும் சிரித்தேன்.

சேகரோடு இன்னும் பேசவில்லை. இப்போது, எந்த முகத்தோடு கோபப்படுவது என்று தெரியவில்லை.