புவனேஸ்வரி வாயசைத்த மேடை

தாடிக்கொம்பில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் நல்லுசாமியின் மகள் புவனேஸ்வரி. திண்டுக்கல்லில் கல்லூரிக்குப் போன காலத்தில் அவளுக்கு ஸ்டான்லி பழக்கமானான். கல்யாணமோ சாவோ, பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிறவன். ஊதிய மெட்டையே திரும்ப ஊத அவனுக்குப் பிடிக்காது. நடுவில் எங்கெங்கோ அலைந்துவிட்டுத்தான் பல்லவிக்கு வருவான். "இதுக்குப் பேருதான் ஜாஸ்" என்று செல்போனில் பழைய அமெரிக்கப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினான். அந்த டிரம்பெட்டைப் போலவே குரலை வளைத்து, தாளத்துக்குக் கொஞ்சம் பிந்திப் பாடப் பழகிக்கொண்டாள் அவள்.

இருவரும் சேர்ந்து போட்ட பாட்டு யூடியூபில் பிடித்துக்கொண்டது. அவள் சென்னைக்குக் குடிபோனாள். கச்சேரி என்றால் ஸ்டான்லி பஸ் ஏறி வந்துவிடுவான். பேட்டி எடுக்க வருகிற எல்லோரிடமும் ஒன்றைத் தவறாமல் சொல்வாள்: "ஒரு பாட்டை ரெண்டாவது தடவை அதே மாதிரி பாட மாட்டேன்."

ஓய்வில்லாமல் பாடிப் பாடித் தொண்டை கட்டியது. மூன்று மாதம் பேசவே கூடாது என்றார் டாக்டர். அந்த நேரம் பார்த்துத் திண்டுக்கல் பொருட்காட்சியிலிருந்து அழைப்பு. சொந்த ஊரில் முதல் கச்சேரி. நல்லுசாமி தாடிக்கொம்பு முழுக்க பிளக்ஸ் வைத்துவிட்டார். முடியாது என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. சவுண்டு பார்க்கும் மதியழகனிடம் மட்டும் சொல்லி, சென்னைக் கச்சேரியில் பதிவான தன் குரலை ஓடவிட்டு வாயசைத்தாள். ஸ்டான்லிக்குத் தெரியாது.

மூன்று பாட்டு நன்றாகவே போயிற்று. நான்காவது பாட்டின் நடுவே, சரணம் வர நேரமிருக்கிறது என்று தண்ணீர் பாட்டிலைத் தூக்கி வாயில் வைத்தாள். ஸ்பீக்கரில் அவள் குரல் கூவியது:

"சென்னை! எப்படி இருக்கீங்க?"

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "யக்கோவ், இது திண்டுக்கல்லு!"

மைதானமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த அம்மா ஜக்கம்மாள், மகளைப் பாராட்டித்தான் சிரிக்கிறார்கள் என்று தானும் சிரித்தபடி திரும்பிப் பார்த்தாள். பிறகு மேடையைப் பார்த்தாள். தண்ணீர் பாட்டில் இன்னும் மகளின் வாயிலேயே இருந்தது. ஜக்கம்மாளின் சிரிப்பு அடங்கியதை புவனேஸ்வரி கண்ணெதிரே பார்த்தாள்.

மறுநாள் ஊரிலுள்ள எல்லா போனிலும் அந்த வீடியோ. பூ மார்க்கெட்டில் யாரோ "உங்க மக எந்த ஊருல பாடுது?" என்று கேட்டதிலிருந்து ஜக்கம்மாள் அங்கே போவதை நிறுத்தினாள். மகளிடம் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

புவனேஸ்வரி நாகல் நகரில் ஸ்டான்லி வீட்டுக்குப் போனாள்.

"அம்புட்டு நேரமும் நான் ஊதுறதக் கேட்டு நீ பாடுறேன்னு நெனச்சேன்" என்றான் அவன். "நான் யாரோட வாசிச்சேன் புவனா?"

அவள் நிமிரவில்லை.

"தொண்ட போயிருச்சுன்னு சொல்லியிருந்தா கச்சேரி முழுக்க நானே ஊதியிருப்பேன்ல?"

"சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்று கிசுகிசுத்தாள்.

"இப்ப மட்டும்?"

அவள் எழுந்து வந்துவிட்டாள்.

மூன்று மாதம் நிஜமாகவே வாய் திறக்காமல் தோட்டத்தில் கிடந்தாள். குரல் திரும்பி வந்தது. ஆனால் கனத்து, இறங்கி, உச்சி எட்டாமல். அடுத்த ஆண்டு ஸ்டான்லியின் தங்கை கல்யாணத்தில் பாட வரட்டுமா என்று அவளே கேட்டாள். "வா" என்று மட்டும் சொன்னான்.

அங்கேயும் சிலர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். இரண்டாவது பாட்டில் மேலே போன குரல் உடைந்தது. அவள் பாடுவதை நிறுத்தினாள். விட்ட இடத்திலிருந்து ஸ்டான்லியின் டிரம்பெட் எடுத்துக்கொண்டது. அது இறங்கி வரும்வரை காத்திருந்து கீழ்க்குரலில் சேர்ந்துகொண்டாள். யாரும் சிரிக்கவில்லை.

இப்போது அந்தக் கனத்த குரலுக்கென்றே சென்னையில் அவளைக் கூப்பிடுகிறார்கள். போகிறாள், பாடுகிறாள். பேட்டி மட்டும் கொடுப்பதில்லை. போன பொங்கலுக்கு வந்தபோது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் செல்பி கேட்டாள். கேலியா என்று அந்த முகத்தையே தேடினாள் புவனேஸ்வரி. கேலி இல்லை. இருந்தும் அந்தப் படத்தில் அவள் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.