அம்மாவுக்கு வைத்த தோடம்பழம்

குருநகரில் ஒரு வீட்டுச் சுவரில், ஆணியில் தொங்கிய சொப்பின் பையை எடுத்துப் பார்த்தபோது எனக்கு ஏறிய கோபம் கொஞ்சநஞ்சமல்ல. உள்ளே நான்கு தோடம்பழம், ஒரு அப்பிள், ஒரு கொத்து முந்திரிகைப்பழம். எல்லாம் வாடிச் சுருங்கிக் கிடந்தன. அப்போது நான் அந்தப் பகுதி முன்பள்ளியில் ரீச்சர். அந்த வீட்டுப் பிள்ளை என்னிடம் படித்தாள். நாலு வயது. தாய் நெடுநாள் ஆசுபத்திரியில் கிடந்து காலமாகி ஆறு மாதமும் ஆகவில்லை. பிள்ளை வெளிறிப்போயிருந்தாள். மற்றவர்களோடு ஓடினால் இரண்டு சுற்றில் மூச்சு வாங்கி நிலத்தில் இருந்துவிடுவாள். சோறும் மீன்குழம்பும் தவிர வேறொன்றையும் வாயில் வைக்கமாட்டாள். இரத்தம் குறைவு, பழமும் மரக்கறியும் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

தகப்பன் கடலுக்குப் போகிறவர், அதிகம் கதைக்காத மனிதர். எனக்கோ வாய் கொஞ்சம் நீளம். "பழம் வாங்கிக் குடுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்? எட்டாத உயரத்திலை மாட்டி வைச்சால் பிள்ளை எப்பிடிச் சாப்பிடும்?" என்று பிள்ளைக்கு முன்னாலேயே பொரிந்து தள்ளினேன்.

அவர் தலை நிமிராமலே பிள்ளையைக் காட்டினார். "வாங்கிக் குடுத்தனான், ஆனா நான் மாட்டேல்லை ரீச்சர். கதிரை வைச்சு ஏறி உவதான் மாட்டினவ."

பிள்ளை என்னை முறைத்துப் பார்த்தாள். "அது அம்மாவின்ரை. நாங்கள் தொடக்கூடாது" என்றாள்.

பையைத் திரும்ப ஆணியில் மாட்டினேன். எங்கள் ஊரில் தோடம்பழமும் அப்பிளும் யாருக்கு வாங்குகிறோம்? ஆசுபத்திரிக்கு வருத்தம் பார்க்கப் போகும்போதுதானே வாங்குகிறோம். மாதக்கணக்காக அந்தப் பிள்ளை பார்த்ததெல்லாம் தாயின் கட்டிலடிக்கு வந்து சேர்ந்த பழப் பைகள்தான். தன் கையாலும் அப்படிப் பை கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள். இது தெரியாமல் நான் அந்த மனிதரைத் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அதன்பிறகு நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. ஒருநாள் காலை சந்தையில் அவர்களைக் கண்டேன். கடற்கரையில் மீனை ஏலம் கூறி விற்பதற்கு முன்னர் வீட்டுக் கறிக்கென்று ஒரு பங்கை எடுத்து வைப்பது அவர்கள் வழக்கம். அந்தப் பங்கைக் கூடையில் போட்டு, பிள்ளையின் கையில் கொடுத்துக் கூட்டி வந்திருந்தார் தகப்பன். சாவகச்சேரியிலிருந்து பப்பாப்பழமும் கீரையும் கொண்டுவந்து விற்கும் பெண்ணிடம் போய் நின்றார்கள்.

"என்ன பிள்ளை, இண்டைக்கு என்ன மீன்?"

"ஓரா. ரண்டு தாறன், பெரிய பழம் தாங்கோ."

பிள்ளை குந்தியிருந்து ஒவ்வொரு பழமாகத் தட்டிப் பார்த்து ஒன்றை எடுத்தாள். விற்கிற பெண் பை ஒன்றை நீட்டினாள். "பை வேண்டாம் அக்கா" என்று தகப்பன் அவசரமாகத் தடுத்து, பழத்தை மீன்கூடைக்குள்ளேயே வைத்தார்.

தகப்பன் பிறகுதான் சொன்னார்: முதல் சில நாட்கள் பிள்ளை வாங்கி வருவாளாம், சாப்பிட மாட்டாளாம். அவர் வற்புறுத்தவில்லை. பழத்தை வெட்டி வைத்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் இருந்து தானே சாப்பிட்டிருக்கிறார். ஒருநாள் அவளாகவே கையை நீட்டியிருக்கிறாள். பிறகு முன்பள்ளிக்கும் பப்பாப்பழத் துண்டுகள் வரத் தொடங்கின. "நானும் அப்பாவும் மீன் குடுத்து வாங்கினது" என்று எல்லாருக்கும் பெருமையடித்துக்கொண்டு சாப்பிடுவாள். துண்டுகளில் இலேசாக மீன் வாடை அடிக்கும். அதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

அந்தப் பிள்ளை இப்போது உயர்தரம் படிக்கிறாள். வலைப்பந்துக் குழுவில் இருக்கிறாளாம். நான் இன்னமும் ரீச்சர்தான், வாயும் குறையவில்லை. ஆனால் எந்தத் தாய் தகப்பனையும் பிள்ளைக்கு முன்னால் ஏசுவதில்லை. அந்த முன்பள்ளி வருடம் முடிவதற்குள் ஒருநாள் கடற்கரையில் அந்தத் தகப்பனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்கள் ஏசினது நல்லது ரீச்சர்" என்றார். "பிள்ளையின்ரை அம்மா திரும்பி வருவா எண்டு நானும்தான் இருந்தனான்."