வாசலிலிருந்து வாசல்வரை

"என்னப்பா, கல்லைப் போட்டாச்சா?"

காலை ஆறரைக்கு, கடையின் இரும்புக் கதவைப் பாதி தூக்கியபடியே பெர்மினா கலிசாயா போனில் கேட்கும் முதல் கேள்வி இது. மறுமுனையில் அவருடைய கொழுந்தன். லா பாஸுக்கு மேலே எல் ஆல்டோ மேட்டில், விமான நிலையத்துக்குப் போகும் சாலையை மறித்து ஊரோடு உட்கார்ந்திருக்கிறார். "போட்டாச்சு அண்ணி. பன்னெண்டு மணிக்குச் சாப்பாடு, அப்ப ஒரு அரை மணி வண்டிகளை விடுவோம்." பெர்மினா அக்கா சாக்பீஸை எடுத்து வாசல் பலகையில் எழுதுகிறார். 'சாந்தா குரூஸ்: வானில் 550 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை, ஏழு மணி நேரம்.'

லா பாஸில் விமான டிக்கெட் விற்கும் வேறெந்தக் கடையிலும் அந்த இரண்டாவது வரி கிடையாது. நான் பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் போடுகிறவன். அதைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்து அடுத்த தெருவுக்குப் போனவர்களைத் தினம் பார்க்கிறேன். "போகட்டும், மேட்டுல நின்னு என்னை நினைப்பாங்க" என்பார் அக்கா.

ஆள் குள்ளம், குரல் மட்டும் வளர்ந்துவிட்டது. டிக்கெட்டைக் கொடுத்ததும் வந்தவர் காலில் என்ன செருப்பு என்று பார்ப்பார். "இந்தச் செருப்போட போகாதே தாயி. மறியலைத் தாண்டிப் பெட்டியைத் தூக்கிட்டு அரை மணி நடக்கணும்." சக்கரம் வைத்த பெட்டிகள்மேல் அவருக்குத் தனிக் கோபம். "கல்லு மேல உருளுமா இது?"

இந்தப் பிடிவாதம் பிறவிக் குணமில்லை. நாலு வருஷத்துக்கு முன் ஒரு தச்சர் ஓடி வந்தார். சாந்தா குரூஸில் அம்மா இறந்துவிட்டார், மாலை மூன்று மணிக்கு அடக்கம். "ஒரு மணி நேரந்தான், நிம்மதியாப் போங்க" என்று டிக்கெட் கொடுத்தவர் அக்காதான். அன்றும் மேட்டில் மறியல். தச்சர் போய்ச் சேர்வதற்குள் விமானம் கிளம்பிவிட்டது. திரும்பி வந்தவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, டிக்கெட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். "திட்டியிருந்தா மறந்திருப்பேன்" என்று சொல்லும்போது மட்டும் அக்காவின் குரல் இறங்கிவிடும்.

போன வாரம் விமானக் கம்பெனி அதிகாரி சாந்தா குரூஸிலிருந்து வந்து இறங்கினார். சமவெளிக்காரர், நம் ஊர் உயரத்துக்கு மூச்சு வாங்கியது. ஒரு படிவத்தை நீட்டினார்.

"இனிமே போர்டுல பறக்குற நேரம் மட்டும்தான். இதுல கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா ஏஜென்சி ரத்து."

பதினேழு வருஷச் சோறு அது. கேட்டுக்கொண்டிருந்த நான் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினேன்.

அக்கா கோக்கா இலை டீயை அவர் பக்கம் தள்ளினார். "முதல்ல குடி தம்பி, மூச்சு வரட்டும். பிளேன் ஒரு மணிதான், நான் இல்லேங்கலையே. உங்க பயணி பிளேனுக்குள்ளயா குடியிருக்கான்?"

"ரோட்டை மறிக்கிறது உங்க ஆளுங்கம்மா. அதுக்கு நாங்க பொறுப்பில்லை."

"ஆமா, எங்க ஆளுங்கதான். தண்ணிக் குழாய் கேட்டு உக்காந்திருக்காங்க, வர்ற வரைக்கும் உக்காருவாங்க. அதை மறைச்சு டிக்கெட் விக்க என்னால ஆகாது. சரி, இன்னிக்கு நீ எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினே?"

அதிகாரி கீழே குனிந்து பார்த்தார். அவர் பேண்டில் முழங்கால்வரை மேட்டுப் புழுதி.

"விடியக்காலை அஞ்சு மணிக்கு."

சுவர்க் கடிகாரத்தில் மதியம் மணி ஒன்று.

அக்கா படிவத்தைத் திருப்பிப் போட்டார். வெற்றுப் பக்கத்தில் 'சாந்தா குரூஸ் வாசலிலிருந்து லா பாஸ் வாசல்வரை, எட்டு மணி நேரம்' என்று பெரிதாக எழுதினார். பேனாவை அதிகாரியிடம் நீட்டினார்.

"நீ போடு தம்பி, கையெழுத்து."